குருந்தக்கல்லு கடல் தாண்டிப் போய் வந்த கதை

மோதிரத்துல வைக்கிற கல்லு பெரும்பாலும் ரெண்டு தினுசு. ஒண்ணு, வைரம் மாதிரி பட்டை பட்டையாகத் தீட்டினது. இன்னொண்ணு, அடிப்பக்கம் தட்டையா, மேல்பக்கம் பாதியா உடைச்ச மொச்சைக்கொட்டை மாதிரி வழவழன்னு இருக்கும். இந்த ரெண்டாவது தினுசுக்கு கபோஷான்னு பேரு. தலையைக் குறிக்கிற ஒரு பிரெஞ்சுச் சொல்லுல இருந்து வந்த பேரு அது.

பேரு புதுசா இருந்தாலும் பொருள் நமக்குப் பழசுதான். பரதநாட்டியம் ஆடுற பொண்ணுங்க நெத்திச்சுட்டியில வரிசையா சிவப்புக்கல்லு பதிச்சிருக்கும், பார்த்திருப்பீங்க. அந்தக் கெம்புக்கல்லு இந்தத் தினுசுதான். எங்க ஓசூர் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்து பேசுறதால, 'கெம்பு'ன்னா கன்னடத்துல சிவப்புன்னு சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

எங்க அக்கா மகன் ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிப்டு வேலை பார்க்கிறான். லீவு நாள்ல வீட்டுத் திண்ணையில சின்ன மோட்டாரை வச்சுக்கிட்டு இந்தக் கல்லு தீட்டப் பழகுறான். "இது அமெரிக்காக்காரங்க பொழுதுபோக்கு மாமா, வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டேன்"னு சொன்னான். இந்த வேலைக்கு நம்ம மண்ணுல எவ்வளவு பழைய கதை இருக்குன்னு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுறேன்.

முதல்ல வேலை எப்படின்னு சொல்லிடறேன். காட்டுல கிடக்கிற வெங்கச்சங்கல்லை எடுத்து வில்லையா அறுத்துக்கணும். அதுமேல முட்டை வடிவம் வரைஞ்சு, அரக்கையோ மெழுகையோ சூடு பண்ணி ஒரு குச்சி நுனியில ஒட்டிக்கணும். அப்புறம் சுத்துற சக்கரத்துல தேய்க்கணும். முதல்ல 80-ம் நம்பர் பொடி, அப்புறம் 220, 400, 600, 1200ன்னு நம்பர் ஏற ஏற பொடி நைசாகும். கடைசியா சீரியம் ஆக்சைடு பூசின தோல்லயோ கம்பளித் துணியிலயோ தேய்ச்சா கண்ணாடி மாதிரி ஆகிடும். 80-ம் நம்பர் போட்ட கீறலை 220 முழுசா எடுக்கணும். எடுக்காம விட்டா அந்தக் கீறல் கடைசியில பளபளப்புக்கு நடுவுல வந்து நிக்கும். முதல் உழவுல கட்டி உடையாம விட்ட நிலம் பரம்படிக்கும்போது காட்டிக்கொடுக்குற மாதிரிதான்.

கல்லைத் தேய்ச்சு வழவழப்பாக்குற வேலை எங்க பக்கம் இரும்புக்கும் மூத்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில தோண்டினப்போ கிடைச்ச இரும்பு கி.மு. 2172 காலத்தைச் சேர்ந்ததுன்னு 2022 மே மாசம் சட்டசபையில அறிவிச்சாங்க. அதுக்கும் முந்தி இருந்தவங்க புதிய கற்கால மக்கள். கல்கோடாரியை உடைச்சு உருவாக்கி, பாறையில தேய்ச்சுத் தேய்ச்சு மழுங்க வழிச்சு எடுத்தாங்க. கர்நாடகாவுல பல்லாரி பக்கம் சங்கனகல்லுல, கோடாரி தேய்ச்சுத் தேய்ச்சே பாறையில விழுந்த பள்ளங்களை இன்னைக்கும் பார்க்கலாம். சேர்வராயன் மலையில இப்படிக் கிடைச்ச கோடாரிகளைப் பிள்ளையார் முன்னால வச்சுக் கும்பிட்டிருக்காங்க.

அங்கிருந்து கொங்கு நாட்டுக்குப் போகலாம். ஈரோடு மாவட்டத்துல நொய்யல் ஆத்தங்கரையில கொடுமணல்னு ஒரு ஊரு. பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்றது இந்த ஊருதான்னு சொல்றாங்க. 1980-கள்ல இருந்து அங்கே நடந்த அகழாய்வுல பச்சைக்கல், நீலக்கல், படிகம், அகேட்னு பலவகை மணிகள் கிடைச்சுது. முடிஞ்ச மணியோட, வெட்டாத கல்லு, பாதி தேய்ச்ச கல்லு, துளை போடாத மணி, உடைஞ்சு வீணானதுன்னு எல்லாமே இருந்துச்சு. வேற எங்கயோ செஞ்சு கொண்டுவந்தது இல்லை, அங்கேயே உக்காந்து தீட்டினதுதான்னு அதை வச்சே தெரியுது. பச்சைக்கல்லு பக்கத்துல காங்கேயம் படியூர்ல கிடைக்கிறது. இந்த வகைப் பச்சைக்கல்லு இந்தியாவைத் தவிர வேற இடத்துல கிடைக்கிறது அபூர்வம்னு ரோமாபுரி பிளினி முதல் நூற்றாண்டுலயே எழுதி வச்சிருக்கார்.

சரி, இவ்வளவு கெட்டியான கல்லை எதை வச்சுத் தேய்ச்சாங்க? வெங்கச்சங்கல்லோட கடினம் 7. அதைத் தேய்க்க அதைவிடக் கெட்டியானது வேணும். வைரம் 10, அதுக்கு அடுத்தது 9. அந்த ஒன்பதுதான் குருந்தம். நல்ல நிறமும் தெளிவும் இருந்தா அதையே மாணிக்கம், நீலம்னு சொல்றோம். மங்கலா இருந்தா அதை இடிச்சுப் பொடியாக்கினாங்க. அந்தப் பொடியை அரக்கோட உருக்கி வட்டமா வார்த்தா சாணைக்கல்லு. ஒரு கையால வில்லுக்கயிறை இழுத்து அதைச் சுத்தவிட்டு, இன்னொரு கையால கல்லைப் பிடிப்பாங்க.

இந்தக் குருந்தம் எங்க பக்கத்துலயே இருக்கு. தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டின்னா சுப்பிரமணிய சிவா நினைவு உங்களுக்கு வரும். அந்த வட்டாரப் பாறையில குருந்தம் உண்டு. 1965-க்கு முந்தி தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாமே சேலம் ஜில்லாதான். பழைய சேலம் ஜில்லாவுலயே நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலயும் குருந்தம் உண்டு. வெள்ளைக்காரங்க இந்தக் கல்லை வாங்கிட்டுப் போனப்போ பேரையும் சேர்த்தே கொண்டு போனாங்க. 1798-ல சார்லஸ் கிரெவில்னு ஒருத்தர் லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல இந்தக் கல்லைப் பத்தியே கட்டுரை எழுதினார். இங்கிலீஷ்ல 'கொரண்டம்'னு சொல்றது நம்ம குருந்தம்தான். அகராதியிலயே தமிழ்ச்சொல்லுன்னு போட்டிருக்கும்.

1891-ல அமெரிக்காவுல எட்வர்ட் ஆச்சிசன்னு ஒருத்தர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்துல சுட்டுப் பார்த்தப்போ, பளபளன்னு கெட்டியா ஒரு பொருள் வந்துச்சு. கார்பனும் குருந்தமும் சேர்ந்ததுன்னு அவர் நினைச்சுக்கிட்டு 'கார்போரண்டம்'னு பேரு வச்சார். உண்மையில அது சிலிக்கானும் கார்பனும் சேர்ந்தது, குருந்தத்தைவிடக் கெட்டி. ஆனா பேரு அப்படியே நின்னுடுச்சு. 1954-ல முருகப்பா குழுமம் அமெரிக்கக் கம்பெனியோடயும் இங்கிலாந்துக் கம்பெனியோடயும் சேர்ந்து சென்னையில கார்போரண்டம் யுனிவர்சல் ஆரம்பிச்சாங்க. அதோட ஆலை ஒண்ணு எங்க ஓசூர்லயும் இருக்கு. பாப்பாரப்பட்டிக்கும் ஓசூருக்கும் நடுவுல ரோட்டுல சில மணி நேரம்தான். குருந்தங்கிற பேரு அந்தத் தூரத்தைக் கடக்க லண்டன், அமெரிக்கான்னு ஒரு சுத்து சுத்திட்டு வந்திருக்கு. அக்கா மகன் சக்கரத்துல போடுற 80-ம் நம்பர் பொடியும் கார்போரண்டம்தான்.

இதுல கவலைப்படவேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. வில்லு போட்டு இழுத்த காலத்துல சக்கரம் மெதுவா சுத்துச்சு. மோட்டாருக்கு அப்படி இல்லை. காயவச்சுத் தேய்ச்சா நிமிஷத்துல திண்ணை பூரா வெள்ளையாகிடும். வெங்கச்சங்கல்லு முழுக்க சிலிக்கா. அந்தத் தூசி நுரையீரல்ல போய் உக்காந்தா சிலிகோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

குஜராத்துல கம்பாத்னு ஒரு ஊரு. அகேட் மணி தீட்டுறதுல பல நூற்றாண்டாப் பேர் வாங்கின ஊரு. அங்கே வீட்டு வாசல்லயே எமரிச் சக்கரத்துல காயவச்சே தேய்ச்சாங்க. தேய்ச்சவங்களோட நிக்காம, அந்த வீட்டுல இருந்தவங்களுக்கும் அக்கம்பக்கத்து ஆளுங்களுக்கும் இந்த நோய் வந்ததை அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் ஆராய்ஞ்சு எழுதியிருக்கு. பாக்டரியில ஒருத்தருக்கு சிலிகோசிஸ் வந்தா சட்டப்படி அரசாங்கத்துக்குத் தெரிவிக்கணும். வீட்டுத் திண்ணையை யார் வந்து பார்ப்பா? அங்கே நாமதான் இன்ஸ்பெக்டர்.

அதனால வீட்டுல கல்லு தீட்டப் பழகுறவங்களுக்குச் சொல்றேன். சக்கரத்து மேல எப்பவும் தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கணும். அறுக்கும்போதும் அப்படித்தான். துணியைக் கட்டிக்கிட்டா போதும்னு நினைக்காதீங்க, அந்தத் தூசிக்குத் துணி தடை இல்லை. தண்ணியும் கரண்டும் பக்கத்துல இருக்குறதால, அதிர்ச்சி அடிச்சா உடனே லைனை நிறுத்துற பிரேக்கர் கட்டாயம் போடுங்க. வேலை முடிஞ்சதும் சக்கரத்தடியில சேறு மாதிரி தங்கும். அது காய்ஞ்சா மறுபடி தூசிதான். விளக்குமாறு எடுக்காம, ஈரமா இருக்கும்போதே துணியால வழிச்சு எடுத்து, பிள்ளைகளும் கன்னுக்குட்டியும் போகாத இடமாப் பார்த்துக் குழி தோண்டிப் புதைச்சிடுங்க.