ஜெராக்ஸ் கடையின் காற்று

1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியாப் பகுதியில் செஸ்டர் கார்ல்சன் முதல் உலர்நகலை எடுத்தார். இந்தியாவில் 1983இல் தொடங்கப்பெற்ற மோடி ஜெராக்ஸ் நிறுவனம் உத்தரப்பிரதேசத்தின் ராம்பூரில் நகற்பொறிகளைத் தயாரித்தது. நாளடைவில் நிறுவனத்தின் பெயரே பொதுப்பெயராயிற்று. எந்தப் பொறியில் எடுத்தாலும் அது 'ஜெராக்ஸ்'தான். இந்திய உயர்கல்வியின் வாசிப்பு ஒரு தலைமுறைக் காலம் இக்கடைகளை நம்பியிருந்தது.

அக்கடைகளின் காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. பொறியின் உருளைக்கு உயர் மின்னழுத்தத்தால் மின்னூட்டம் ஏற்றும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனில் ஒரு பகுதி ஓசோனாகிறது. டோனர் என்பது பெரும்பாலும் கரித்தூளும் பிசினும் கலந்த நுண்பொடி. அது வெப்பத்தால் உருகித் தாளில் படியும்போது ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் மீநுண் துகள்களும் வெளிப்படுகின்றன. 1980ஆம் ஆண்டளவில் சில டோனர்களில் மரபணுத் திடீர்மாற்றத்தைத் தூண்டும் நைட்ரோபைரீன்கள் கண்டறியப்பட்டன. கரித்தூள் தயாரிப்பு முறை மாற்றப்பட்டதும் அவை வெகுவாகக் குறைந்தன. தீங்கு அளக்கப்பட்டால் திருத்தமும் இயலும் என்பதற்கு அதுவே சான்று. 2007இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 62 அச்சுப்பொறிகளை ஆராய்ந்தபோது, 17 பொறிகள் மிகுதியான துகள்களை உமிழ்ந்தன.

இந்தியாவில் அளக்கப்பட்டது பொறி மட்டுமன்று. அதை இயக்கியவரின் உடலும்தான். 2004இல் வெளியான ஹைதராபாத் ஆய்வு, நகலகத் தொழிலாளரின் டி.என்.ஏ. சிதைவை ஆராய்ந்தது. 2013இல் வெளியான கோயம்புத்தூர் ஆய்வில் நுரையீரலின் செயல்திறனில் குறிப்பிடத்தக்க குறைவு தென்படவில்லை. ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தம், அழற்சி ஆகியவற்றின் அறிகுறிகள் மிகுந்திருந்தன. இவ்வறிகுறிகளே நோயாகிவிடா. ஆயினும் மூச்சுச் சோதனை ஒன்றைக் கொண்டு 'பாதிப்பில்லை' என முடிவுகட்டுவதற்கு அவை இடந்தருவதில்லை.

இத்தொழிலாளர்க்குச் சட்டத்தின் நிழலும் குறைவே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மின்விசையைப் பயன்படுத்தும் இடமாயின் குறைந்தது 10 தொழிலாளர் இருத்தல் வேண்டும் என்றது. ஓரிருவர் பணிபுரியும் சிறுகடை அவ்வரையறைக்குள் வருவதில்லை.

2012இல் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின்மீது பதிப்பகங்கள் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தபோது கல்வியுலகம் மகிழ்ந்தது; மகிழத்தக்க தீர்ப்பே அது. அவ்வழக்கின் பொருள் வாசகரின் உரிமை. நகலெடுப்பவர் சுவாசிக்கும் காற்றோ எந்த வழக்கின் பொருளாகவும் அங்கு எழவில்லை. காற்றை வெளியேற்றும் விசிறி, பொறிகளுக்கிடையே இடைவெளி, சிந்திய பொடியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தல் ஆகியன பெருஞ்செலவு கோருவன அல்ல. வளாகத்தில் கடைக்கு இடமளிக்கும் கல்வி நிறுவனங்கள் இவற்றை ஒப்பந்த நிபந்தனையாக்கலாம். அதற்குப் புதுச்சட்டம் தேவையில்லை.