எடோ நகரத்துப் பூனைப் படங்கள்

ஜப்பானில் பூனை முதலில் அரண்மனைச் செல்லம். பேரரசர் உடா தம் கறுப்புப் பூனையின் அழகை 889ஆம் ஆண்டு நாட்குறிப்பில் மெச்சி எழுதியிருக்கிறார். கட்டி வைத்திருக்கும் பூனைகளை அவிழ்த்துவிட வேண்டும் என்று 1602இல் கியோட்டோவில் ஆணை பிறந்தது. எலித்தொல்லையே காரணம். அதன்பின் பூனை தெருவுக்கும் கடைக்கும் உரியதாயிற்று.

இன்று டோக்கியோ எனப்படும் எடோவில், 19ஆம் நூற்றாண்டில் மரஅச்சுப் படங்கள் சாதாரண மக்களும் வாங்கக்கூடிய விலைக்குக் கிடைத்தன. கபுகி நாடக ரசிகர்கள் தங்கள் அபிமான நடிகர்களின் படங்களை ஆசையோடு சேர்த்தார்கள். அந்தச் சந்தையில் பெயர் பெற்ற ஓவியர் உடகாவா குனியோஷி. சாயக்காரரின் மகன். அவருடைய பட்டறை முழுவதும் பூனைகள். மடியில் ஒரு குட்டியை வைத்துக்கொண்டே வரைவார் என்று சீடர்கள் சொன்னதுண்டு.

நடிகர்களின் படங்களையும் கணிகையர் படங்களையும் அச்சிடக் கூடாது என்று 1842இல் அரசு தடுத்தது. குனியோஷி நடிகர்களின் சாயலைப் பூனை முகங்களில் ஏற்றினார். கண்ணையும் தாடையையும் பார்த்தே ரசிகர்கள் ஆளை அடையாளம் கண்டார்கள். தடையை இவ்வளவு அழகாகக் கடந்த கலைஞர்களைக் காண்பது அரிது. எலி வராமலிருக்க வீட்டில் மாட்டும் பூனைப் படமும் அவர் வரைந்ததே. ஓவியர் ஹிரோஷிகே புகழ்பெறச் செய்த டோக்கைடோ நெடுஞ்சாலையின் தங்குமிடங்களை, 1850 வாக்கில், தங்குமிடத்துக்கு ஒரு பூனையாகத் தீட்டினார். அவற்றின் சோம்பல், திருட்டு, சண்டை எல்லாம் பூனையோடு வாழ்ந்தவர் மட்டுமே வரையக்கூடியவை.

குனியோஷி 1861இல் இறந்தார். அவருடைய சீடர் யோஷிஃபுஜி, குழந்தைகளுக்கான விளையாட்டுப் படத்தாள்களில் பூனைகளைத் தொடர்ந்து வரைந்தார்.