பட்டமும் ஆங்கிலமும்: இலங்கைப் பல்கலைக்கழகக் கல்வியில் ஒரு நிபந்தனையின் வரலாறு

இலங்கைப் பல்கலைக்கழகங்களின் பல பீடங்களில் ஆங்கிலப் பாடநெறியொன்றிற் சித்தியடைதல் பட்டம் பெறுதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்றாக விதிக்கப்பட்டுள்ளது. தமது துறைப் பாடங்கள் அனைத்தையும் தமிழிலோ சிங்களத்திலோ கற்றுத் தேறிய மாணவரொருவர் இவ்வொரு பாடம் எஞ்சிநிற்பதாற் பட்டம் பெறாது காத்திருத்தல் கூடும். இந்நிபந்தனையை ஆதரிப்போர் அதனைக் காலத்தின் தேவை என்பர். எதிர்ப்போர் காலனித்துவத்தின் எச்சம் என்பர். இரு கூற்றுக்களிலும் உண்மை உண்டு. ஆயினும், அவற்றைவிட முக்கியமான வினா ஒன்றுண்டு. உயர்கல்விக்கு ஆங்கிலம் வேண்டப்பட்ட ஒவ்வொரு காலத்திலும், அதனைக் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றவர் யார்? வரலாற்றை இவ்வினாவுடன் அணுகும்போதே இன்றைய நிபந்தனையின் நியாயமும் அநியாயமும் தெளிவாகும்.

இலங்கையில் ஆங்கிலமூல உயர்கல்வியின் தொடக்கங்களுள் ஒன்று 1823 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமாரால் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியாகும். அங்கு சேர்க்கப்பட்டோர் பெரும்பாலும் கிராமத்துச் சிறுவர்கள். அவர்களைத் தன்னுடனேயே தங்கவைத்து ஆங்கிலத்தையும், அதன்வழி கணிதம், வானியல் முதலிய கலைகளையும் செமினரி கற்பித்தது. தமிழிலக்கிய இலக்கணமும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானதும், பின்னர் பழந்தமிழ் நூற்பதிப்பின் முன்னோடியாக விளங்கியதும் யாவரும் அறிந்ததே. அந்நிறுவனம் ஆங்கிலத்தை வேண்டியது. வேண்டியதைத் தானே கற்பித்தது. இது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் 1855 ஆம் ஆண்டிற் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலங் கற்ற இளைஞர் சமயப் பணியினை விடுத்து அரச உத்தியோகங்களை நாடிச் சென்றமை இம்முடிவுக்கான காரணங்களுள் ஒன்றாயிற்று. இதே அனுபவத்தை வேறொரு கோணத்தில் நோக்கியவர் மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். ஆங்கிலத்திற் பயின்ற மருத்துவர் ஊரைவிட்டுப் போய்விடுவர் என்பதைக் கண்ட அவர், மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 1860களில் தமிழிலேயே மருத்துவங் கற்பிக்கலானார். உயர்கல்வியின் மொழியைத் தெரிவது, கற்றவர் யாருக்குப் பணிபுரிவர் என்பதைத் தெரிவதுமாகும் என்பதை அவரது முயற்சி எடுத்துக்காட்டியது.

ஆட்சியாளரின் நோக்கோ வேறாக இருந்தது. 1830களின் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின்னர் ஆங்கில அறிவே அரச சேவைக்கான தகுதியாயிற்று. 1836 இல் அரசின் ஆதரவுடன் இயங்கத் தொடங்கிய கொழும்பு அக்கடமி, அத்தகுதியை வழங்கும் பாடசாலைகளுக்கு முன்மாதிரியாயிற்று. 1921 இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942 இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தபோது அங்கு பயின்றோர் 904 பேர் மாத்திரமே. சேர் ஐவர் ஜெனிங்ஸ் உபவேந்தராயிருந்த அக்காலத்தில் பட்டத்திற்கு ஆங்கிலத்தை ஒரு தனி நிபந்தனையாக்க வேண்டிய தேவையே எழவில்லை. விரிவுரையும் நூலகமும் விடைத்தாளும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. ஆங்கிலம் அறியாதவர் வாயிலையே அணுக முடியாது. நாட்டு மக்களுள் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேரினுங் குறைவாக இருந்தனர். பல்கலைக்கழகம் ஆங்கிலங் கற்பிக்கும் சுமையைக் கட்டணம் அறவிட்ட பாடசாலைகளிடமும் அக்கட்டணத்தைச் செலுத்தக்கூடிய பெற்றோரிடமும் விட்டுவிட்டது. வட்டுக்கோட்டையின் முறை இங்கு தலைகீழாயிற்று.

இந்த அடைப்பை உடைத்தது சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் பெயரோடு இணைந்த இலவசக் கல்வித் திட்டமாகும். 1943 இல் வெளிவந்த விசேட குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1945 முதல் கல்வி இலவசமாயிற்று. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியாயிற்று. 1953 இல் ஆறாம் வகுப்பை எட்டிய தாய்மொழிக் கல்வி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 1960 இற் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தை அடைந்தது. வயல் சூழ்ந்த கிராமங்களிலும் கரையோரச் சிற்றூர்களிலும் பிறந்த பிள்ளைகள் தம் மொழியிலேயே வரலாறும் பொருளியலும் கற்றுப் பட்டதாரிகளாயினர். இலங்கைச் சமூக வரலாற்றில் இதற்கிணையான மாற்றங்கள் மிகச் சிலவே.

ஆனால் இவ்வெற்றியின் உள்ளேயே ஒரு குறையும் வளர்ந்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாக எல்லாப் பாடசாலைகளிலும் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் ஏட்டில் இருந்தது; அதற்கு வேண்டிய ஆசிரியர் கிராமப் பாடசாலைகளில் இருக்கவில்லை. மறுபுறம், அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளையும் மொழிபெயர்ப்பு நூல்களையும் வெளியிட்டபோதும், வளர்ந்துகொண்டேயிருக்கும் துறைகளுக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. மாணவர் விரிவுரைக் குறிப்புகளையே நம்பவேண்டியவராயினர். நூலகத்தின் பெரும்பகுதி அவர்களுக்குப் பூட்டப்பட்ட அறையாயிற்று.

இக்குறையின் சமூக விளைவு விரைவிலே புலனாயிற்று. 1971 ஏப்பிரற் கிளர்ச்சியில் ஈடுபட்டோருட் பலர் தாய்மொழியிற் கற்று வேலையற்றிருந்த சிங்கள இளைஞர்கள். அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, கற்றோரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழில்களுக்கும் இடையிலிருந்த இடைவெளியை விரிவாக ஆராய்ந்தது. சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் ‘கடுவ’, அதாவது வாள். வைத்திருப்பவனுக்குப் படைக்கலம், இல்லாதவனுக்குக் காயம். 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் தனியார்துறையை விரிவுபடுத்தியபோது அவ்வாளின் கூர்மை மேலும் அதிகரித்தது.

இச்சூழ்நிலையிலேயே பல்கலைக்கழகங்கள் ஆங்கிலங் கற்பித்தலைத் தம் பணியாக மீண்டும் ஏற்கத் தலைப்பட்டன. 1980களிற் புதுமுக மாணவருக்கான குறுங்கால ஆங்கிலப் பயிற்சிகள் ஒழுங்கு செய்யப்பட்டன. 1999 இல் க.பொ.த. உயர்தரத்திற் பொது ஆங்கிலம் ஒரு பாடமாகச் சேர்ந்தது. ஆனால் அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கவில்லை. 2012 இல் வெளியான இலங்கைத் தகைமைகள் சட்டகம் தொடர்பாடல் திறனைப் பட்டதாரியின் இயல்புகளுள் ஒன்றாக வகுத்தது. இவ்வாறு, 1942 இல் நுழைவாயிலில் நின்ற ஆங்கிலம் 1960 இல் அவ்விடத்தை விட்டு விலகி, பின்னர் வெளியேறும் வாயிலில் வந்து நின்றது.

கட்டாயமாக்குவதால் மாத்திரம் மொழி வந்துவிடுமா என்பதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் ஒரு சான்று. அங்கு விரிவுரையாளராயிருந்த சுரேஷ் கனகராஜா, கலைப்பீட முதலாண்டு மாணவருக்குக் கட்டாயமாயிருந்த ஆங்கில வகுப்பினை ஆராய்ந்து 1999 இல் நூலொன்றை வெளியிட்டார். போர்க்காலத்து மாணவர் கைகளில் இருந்ததோ அமெரிக்க வாழ்வைச் சித்திரிக்கும் பாடநூல். அதன் ஓரங்களில் மாணவர் எழுதிய குறிப்புகளும் வரைந்த சித்திரங்களும் அப்பாடத்துக்கு அவர்கள் காட்டிய மறைமுக எதிர்ப்பைப் புலப்படுத்தின. அதேவேளை, அம்மாணவர் ஆங்கிலத்தை வெறுத்தவர்களல்லர். அதன் பயனை நன்கறிந்தவர்கள். தம் வாழ்வோடும் துறையோடும் ஒட்டாத வகுப்பையே அவர்கள் ஏற்க மறுத்தனர். இவ்வேறுபாடு நிபந்தனை விதிப்போர் ஊன்றி நோக்கற்பாலது.

மொழி நிபந்தனைகள் நிலையானவையல்ல என்பதற்கு இங்கிலாந்தே உதாரணம். கட்டாயக் கிரேக்கத்தைக் கேம்பிரிட்ஜ் 1919 இலும் ஒக்ஸ்போர்ட் 1920 இலும் கைவிட்டன. கட்டாய இலத்தீன் 1960 வரை நீடித்தது. அம்மொழிகளின்றியே பெரும்பாலான துறைகளைக் கற்க முடிந்தமையால் அந்நிபந்தனைகள் பொருளிழந்தன. இலங்கையில் ஆங்கிலத்தின் நிலை அதுவன்று. சமூகவியலிலோ புவியியலிலோ மொழியியலிலோ புத்தாய்வுகளை அறிய விழையும் தமிழ் மாணவருக்கு அது இன்றும் அவசியமாகின்றது. எனவே நிபந்தனையை நீக்கிவிடுதல் மாத்திரம் தீர்வாகாது. நீக்கினால் வசதி படைத்தோர் வெளியே கற்றுக்கொள்வர், ஏனையோர் கைவிடப்படுவர்.

தீர்வுக்கான குறிப்பு பல்கலைக்கழகத்தினுள்ளேயே உண்டு. மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்திலேயே போதிக்கப்பட்டு வந்துள்ளன. உயர்தரம் வரை தமிழிற் கற்ற மாணவரே அப்பீடங்களிற் சேர்ந்து, தொடக்கத்தில் இடர்ப்பட்டாலும், காலப்போக்கில் ஆங்கில நூல்களைக் கையாள்கின்றனர். அவர்கள் கற்கும் மொழி அவர்களது பாடத்தோடு நாள்தோறும் கலந்திருக்கின்றது. கலைப்பீட மாணவருக்கோ ஆங்கிலம் வாரத்திற் சில மணிநேரம் வந்துபோகும் விருந்தாளி. பரீட்சையில் மாத்திரம் அது நீதிபதியாகின்றது. வரலாறு கற்பவருக்கு வரலாற்று ஆவணங்களையும், பொருளியல் கற்பவருக்குப் பொருளியற் கட்டுரைகளையும் ஆங்கிலத்தில் வாசிக்கப் பழக்கி, அவற்றைத் தமிழில் ஆராய்ந்தெழுதச் செய்தால் இருமொழியும் பயன்பெறும்.

கற்பிக்கப்பட்டதைச் சோதிப்பதே பரீட்சை. கற்பிக்கப்படாததைச் சோதிக்கும் பரீட்சை மாணவரின் அறிவையன்றி, அவர் பிறந்த வீட்டையும் பயின்ற பாடசாலையையுமே அளக்கின்றது. இலவசக் கல்வி எந்த வேலியை அகற்றியதோ, அதே வேலியைப் பட்டமளிப்பு மண்டபத்தின் வாயிலில் மீண்டும் நாட்டுதல் தகாது. ஆங்கிலத்தை வேண்டும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு. நூறு ஊர்களிலிருந்து வரும் மாணவருக்கும் அதனை முறையாகக் கற்பிக்கும் கடமையை நிறைவேற்றும்போதே அவ்வுரிமை நியாயமானதாகும்.