தேயிலையை வளர்த்த பொதுமன்றங்கள்

பெருநகரங்களில் புதுத்தொழில் தொடங்குவோர் இன்று ஒரே கூரையின்கீழ்க் கூடி, இடத்தையும் அனுபவத்தையும் பகிர்ந்துகொள்கின்றனர். இவ்வழக்கம் நம் மலையகத்துக்குப் புதியதன்று.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது அதுவே கைகொடுத்தது. ஆயினும் தனியொருவர் முயற்சியால் தொழில் நிலைபெறுவதில்லை. 1854இல் கண்டியில் அமைந்த தோட்டத்துரைமார் சங்கம் அனுபவத்தைப் பொதுவாக்கியது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலம் சந்தையைப் பொதுவாக்கியது. 1925இல் நிறுவப்பெற்றுத் தலவாக்கலையில் நிலைகொண்ட ஆராய்ச்சி நிலையம் அறிவைப் பொதுவாக்கியது.

கொழுந்து பறித்த கைகளுக்கோ அம்மன்றங்களில் இடமிருக்கவில்லை. லயத்து அறை அவர்களுக்குச் சொந்தமன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலோருக்குக் குடியுரிமையையே மறுத்தது. ஈடுவைக்க நிலமில்லாதவர் வணிகம் தொடங்குவது எங்ஙனம்?

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் எழும் எந்தத் தொழில்மன்றத்தின் வாயிலும் லயத்துப் பிள்ளைக்குத் திறந்திருத்தல் வேண்டும்.