இரு தரப்பையும் கற்பித்த ஆசிரியர்

கல்கத்தா இந்துக் கல்லூரியில் 1826இல் ஆசிரியரானபோது ஹென்றி டெரோசியோவுக்கு வயது 17. இலக்கியமும் வரலாறும் அவர் கற்பித்த பாடங்கள். வகுப்பில் எழுந்த ஐயங்களை மாணவர்கள் வகுப்பறையோடு விட்டுவிடவில்லை. 1828இல் தோன்றிய அகாடமிக் அசோசியேஷன் கூட்டங்களில் விதி, கடவுள், உருவ வழிபாடு எனத் தொடர்ந்து விவாதித்தனர். 1830இல் அவர்கள் தொடங்கிய 'பார்த்தினான்' முதல் இதழோடு நிறுத்தப்பட்டது.

1831 ஏப்ரலில் டெரோசியோ பதவி விலக நேர்ந்தது. நாத்திகம் போதித்தார் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஹியூமின் ஐயவாதத்தை மட்டுமன்றி, அதற்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் அளித்த மறுப்புகளையும் மாணவர்முன் வைத்ததாக அவர் கடிதத்தில் விடையளித்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே காலராவால் மறைந்தார், வயது 22.

இரு தரப்பையும் கேட்டு மாணவரே முடிவுகாணும் கல்விமுறைக்குத்தான் நிர்வாகம் அஞ்சியது. அம்முறையில் பயின்ற ராதாநாத் சிக்தர் பின்னாளில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்.