4 விநாடி சைக்கிள் மிதித்தால் போதும்... இதயத்தின் ‘பிரேக்’ எப்படி இருக்குனு தெரிஞ்சுடும்!

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு அசதி புதிதல்ல. படி ஏறினால் மூச்சு வாங்குதா? ‘ராத்திரி சரியா தூங்கல’. வியர்த்துக் கொட்டுதா? ‘அயர்னிங் செக்‌ஷன் சூடு’. ஆனால் பல வருடமாக சர்க்கரை நோய் உள்ளவருக்கு இதே அறிகுறிகள் மாரடைப்பாகவும் இருக்கலாம். அதுவும் நெஞ்சு வலியே இல்லாமல்!

காரணம், சர்க்கரை நோய் கால் நரம்புகளை மட்டும் மரத்துப்போக வைப்பதில்லை. இதயத்துக்குப் போகும் நரம்புகளையும் பாதிக்கிறது. அதில் சீக்கிரமே அடிவாங்குவது வேகஸ் நரம்பு.

வேகஸ் என்ன செய்கிறது?

மூளையின் அடிப்பகுதியில் கிளம்பி இதயம், நுரையீரல், குடல் வரை போகும் நீளமான நரம்பு இது. பெயரில் ‘வேகம்’ ஒலித்தாலும் வேலை நேர் எதிர். நரம்புகளின் கட்டுப்பாடே இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்கு சுமார் 100 முறை துடிக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது 70 பக்கம் இறங்கி நிற்கிறது என்றால், வேகஸ் பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம். இந்த நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்துதான் துடிப்பைக் குறைக்கிறது என்பதை 1921-ல் தவளை இதயங்களை வைத்து ஓட்டோ லூவி காட்டினார். 1936-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

அது என்ன 4 விநாடி?

பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவின் சோதனை இது. இசிஜி ஓடிக்கொண்டிருக்கும். மூச்சை நன்றாக இழுத்து 12 விநாடி அடக்க வேண்டும். 4-வது விநாடியில் ‘மிதிங்க’ என்பார்கள். சுமையே இல்லாத சைக்கிளை முடிந்த வேகத்தில் மிதித்து, 8-வது விநாடியில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்!

ஏன் இவ்வளவு குறைந்த நேரம்? துடிப்பைக் கூட்டும் நரம்புகள் வேலையைத் தொடங்கவே சில விநாடிகள் ஆகும். வேகஸோ ஒரு துடிப்புக்குள் பிடியை விட்டுவிடும். ஆக்சிலேட்டரை முறுக்கும் முன்பே, பிரேக்கை விட்டதும் இறக்கத்தில் வண்டி ஓடுவதுபோல. 1992-ல் வெளியான ஆய்வில், வேகஸை முடக்கும் அட்ரோபின் கொடுத்ததும் இந்த உடனடித் துடிப்பு உயர்வு காணாமல் போனது.

கணக்கும் எளிது. மிதிக்கும் முன் இரு துடிப்புகளுக்கு இடைவெளி 800 மில்லி விநாடி, மிதிக்கும்போது 550 என்றால், வகுத்தால் 1.45. விடை 1-ஐ நெருங்க நெருங்க, பிரேக் மந்தம். அதற்காக ரத்தக்குழாயில் அடைப்பு என்று அர்த்தமில்லை. நரம்பின் நிலைதான் தெரிகிறது.

சைக்கிள் இல்லாத இடத்தில்?

நிமிடத்துக்கு 6 முறை ஆழமாக மூச்சுவிட்டோ, படுத்திருந்து சட்டென எழுந்து நின்றோ இசிஜியில் பார்க்கலாம். டிரெட்மில் சோதனை செய்தவர்கள், நடையை முடித்த முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்கியது என்று கேளுங்கள். 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கியவர்களுக்கு இறப்பு அபாயம் அதிகம் என்று அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆய்வு 1999-ல் சொன்னது.

கம்பெனி மாடிப்படியில் ஓடி நாடி பிடித்துப் பார்ப்பதெல்லாம் வேண்டாம். நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள், மாத்திரை வாங்கப் போகும்போது இந்த நரம்பு சோதனை தேவையா என டாக்டரிடம் கேட்கலாம். திடீர் வியர்வை, மூச்சுத்திணறல் என்றால், வலி இல்லாவிட்டாலும் ஷிப்ட் முடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.