வேலூரில் மரத்துப்போன கைகள்

மூளையும் தண்டுவடமும் நரம்பு மண்டலத்தின் மையமாக அமைய, அவற்றிலிருந்து கிளைத்து உடலெங்கும் பரவும் புற நரம்புகளில், உணர்ச்சி இழைகள் வலி, சூடு, தொடுகை ஆகியவற்றை மையத்துக்கு அறிவிக்கின்றன. இயக்க இழைகள் மையத்தின் ஆணையைத் தசைகளிடம் சேர்க்கின்றன. தொழுநோய்க் கிருமி தாக்குவது இப்புற நரம்புகளையே. அது உடலின் குளிர்ந்த பகுதிகளில் செழிப்பதால், முழங்கையின் உட்புறத்தில் தோலையொட்டி ஓடும் அல்னார் நரம்பு பெரும்பாலும் பழுதாகி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து மடங்கிவிடுகின்றன.

நோயே விரல்களை அழுகச் செய்து உதிர்க்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் மடங்கிய கைகளைக் கண்ட பின் ஆராய்ச்சியில் இறங்கி, வலியுணர்வு அற்றுப்போனதால் தீக்காயமும் வெட்டுக்காயமும் கவனிப்பாரின்றிப் புண்ணாகி, தொற்று எலும்புவரை சென்றே விரல்கள் குறுகுகின்றன என்று காட்டினார். தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் இதனினும் மனிதநேயமிக்க கண்டறிதல் அரிது. நரம்பு பழுதுறாத தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் கயிற்றை, இடம்மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவையை அவர் வேலூரில் வளர்த்தெடுத்தார். இழந்த உணர்ச்சியை அறுவையால் மீட்க இயலாததால், கைகளைக் கண்ணால் காக்கும் பழக்கத்தை நோயாளிகளுக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது. அவர்களின் மறுவாழ்வுக்கென உருவான நவஜீவ நிலையத்தில் தச்சு பயின்றோர், ஒவ்வொரு நாளும் தம் விரல்களை உற்றுநோக்கிக் கொப்புளமும் கீறலும் உண்டா என்று தேடப் பழகினர்.